இரவல் கையும் சொந்த ஏவலும்

கடையநல்லூரில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கு நான்கு அவயவங்களும் வேண்டும். குழிக்குள் இரு கால்களும் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்திப் பாவைப் பிரித்துக் கொடுக்க, ஒரு கை கயிற்றைச் சுண்டி நாடாவை ஓட்ட, மற்றொரு கை பலகையை இழுத்து ஊடையை நெருக்கிக் கொடுக்க, இந்த நான்கும் ஒரே தாளத்தில் நடந்தால்தான் துணி வளரும். ஒன்று தவறினாலும் தறி நின்றுவிடும். விசைத்தறியில் அகப்பட்டோ, பட்டாசு மருந்தினாலோ, கொல்லம் சாலையில் லாரி மோதியோ, நீரிழிவுப் புண் முற்றியோ ஓர் அவயவத்தை இழந்தவர் சங்கரன்கோவில், தென்காசி வட்டாரங்களில் நம்மிடையே வாழ்ந்து வருகிறார். அவருக்கு விஞ்ஞானம் இன்று என்ன தரக்கூடும், அதில் எவ்வளவு அவருடைய வீட்டுவாசல் வரை வந்து சேரும் என்பதே நாம் இங்கே ஆராயப் புகுந்த விஷயம்.

கையின் விலையைச் சட்டம் முன்பே கணக்கிட்டு வைத்தது. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை, ஒரு கை போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 60 பங்கும், கட்டைவிரல் மட்டும் போனால் 30 பங்கும் போயிற்று என்று நிர்ணயம் செய்தது. அட்டவணை எழுதியவர்கள் தறிக்குழியில் இறங்கிப் பார்த்தவர்கள் அல்லர். 1975-ல் ஒரு தச்சரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் இந்தக் குறையை ஓரளவு நிவர்த்தி செய்தனர். முழங்கைக்கு மேல் இடக்கையை இழந்த தச்சர் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது; ஆகவே அட்டவணை என்ன சொன்னபோதிலும் அவருக்கு நேர்ந்தது முழு நஷ்டமே என்று தீர்ப்பாயிற்று. தச்சருக்குச் சொன்னது நெசவாளிக்கும் பொருந்தும் என்பதை வக்கீல் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

இன்னொரு தீர்ப்பையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2022 டிசம்பரில், ஒரு சாலை விபத்தில் காலை இழந்தவரின் மேல் முறையீட்டில், செயற்கைக் காலுக்காக எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. கால் ஒன்றின் விலை 2,60,000 ரூபாய். அதன் ஆயுள் ஐந்தாறு வருஷம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்கு ஒருமுறை பழுது பார்க்க 15,000 முதல் 20,000 ரூபாய் வரை. இந்தக் கணக்கைப் பார்த்த நீதிபதிகள் மூன்று கால்கள் வாங்க 7,80,000 ரூபாயும், பராமரிப்புக்கு மட்டும் 5,00,000 ரூபாயும் கொடுக்கும்படி உத்தரவிட்டார்கள். செயற்கை அவயவம் ஒருமுறை கொடுத்துத் தீரும் தானம் அல்ல என்பதை நமது உச்ச நீதிமன்றமே எண்களில் எழுதிக் காட்டிவிட்டது. நஷ்டஈடு தர பஸ் கம்பெனியும் இன்ஷ்யூரன்ஸும் இருப்பவருக்கு இந்தக் கணக்கு உதவும். சொந்தத் தறியில் உழைத்தவரும், சர்க்கரை வியாதியால் காலை இழந்தவரும் யார் மேல் வழக்குத் தொடுப்பார்கள்?

காலைப் பொறுத்தவரையில் நமது தேசம் வெட்கப்படவேண்டிய நிலையில் இல்லை. 1968-ல் ஜெய்ப்பூர் ஸவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில், பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும், டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து ரப்பரும் மரமும் கொண்டு ஒரு பாதத்தைச் செய்தார்கள். மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் பூட்ஸுக்குள் ஒளிந்து கொள்வதற்காகச் செய்யப்பட்டது. பூட்ஸ் இல்லாவிட்டால் அது பாதமே அல்ல. ஜெய்ப்பூர்ப் பாதத்தைக் கொண்டவர் வெறுங்காலுடன் வயலில் இறங்கலாம், குந்தி உட்காரலாம், சம்மணமிட்டு உண்ணலாம், தொழுகையில் மண்டியிடலாம். டாக்டர் சேத்திக்கு 1981-ல் மகஸேஸே பரிசு கிடைத்தது. 1975-ல் தொடங்கிய ஜெய்ப்பூர் ஸ்தாபனம் அன்று முதல் இதை இலவசமாக வழங்கி வருகிறது. யுத்தத்தால் காலிழந்த நம் சகோதரர்கள் வாழும் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூரின் பெயரைத் தாங்கிய புனர்வாழ்வு நிலையம் ஒன்று 1987 முதல் நடந்து வருகிறது.

முழங்கால் தப்பியவரின் கதை இது. முழங்காலுக்கு மேல் வெட்டுண்டவருக்கு யந்திரம் இன்னும் அதிகமாக உழைக்க வேண்டும்; ஊன்றும்போது மடங்கிவிடக் கூடாது, வீசும்போது மடங்காமல் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் இரும்புக் கம்பிகளின் அமைப்பினாலேயே சாதிக்கும் ஒரு முழங்காலைச் சென்னை ஐ.ஐ.டி.யார் 2022-ல் ‘கதம்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். இது 160 டிகிரி வரை மடங்கும். முப்பது லட்சம் தடவை பாரமேற்றிப் பரீட்சித்திருக்கிறார்கள். பாட்டரி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை.

அதே 2022-ல், செப்டம்பர் மாதத்தில், இஸ்ரோவும் ஒரு முழங்காலை அறிவித்தது. இதைச் செய்தவர்கள் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார். அதாவது கடையநல்லூருக்கு மேற்கே தெரியும் மலைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள். பாரத்தையும் முழங்காலின் கோணத்தையும் உணர் கருவிகள் அளந்து சொல்ல, ஒரு நுண்கணிப்பான் அதைப் பார்த்து, சிறிய மோட்டாரைக் கொண்டு எண்ணெய்த் தடுப்பின் இறுக்கத்தை அடிக்கடி மாற்றிக் கொடுக்கிறது. எடை 1.6 கிலோ. அதை அணிந்த ஒருவர் சிறிது ஆதரவுடன் தாழ்வாரத்தில் சுமார் நூறு மீட்டர் நடந்தார். வெளிநாட்டு முழங்கால் 10 லட்சம் முதல் 60 லட்சம் ரூபாய் வரை விற்க, இது நாலைந்து லட்சத்துக்குள் அடங்கும் என்று அப்போது எதிர்பார்த்தார்கள். ஆகாயத்தில் ராக்கெட் விடுகிறவர்கள் தரையில் நடக்க முடியாதவரை நினைத்தது நமக்குப் பெருமைதான். ராமேசுவரத்து அப்துல் கலாமும் ஏவுகணைக்கு வேண்டிய லேசான பொருளைக் கொண்டு, ஹைதராபாத்தில் குழந்தைகள் இழுத்துக்கொண்டு நடந்த மூன்று கிலோ இரும்புக் கட்டைச் சில நூறு கிராமாகக் குறைத்தவர் அல்லவா?

ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இஸ்ரோவின் முழங்காலில் பாட்டரி இருந்தாலும் அது காலைத் தள்ளுவதில்லை. காலின் வேகத்தை அடக்கி ஒழுங்கு செய்கிறது. தள்ளும் பலம் மனிதனுடைய இடுப்பிலிருந்தே வரவேண்டும். பாட்டரி சிறியதாக இருக்க முடிவதற்கு இதுவே காரணம். தரையை உந்தித் தள்ளும் மோட்டார் கணுக்கால்களும் மேல்நாட்டில் உண்டு. அவை கனமானவை, மின்சாரத்தை விழுங்குபவை. நமது தறிக்கு வருவோம். முழங்கால் தப்பியவர் ஜெய்ப்பூர்ப் பாதத்தைக் கொண்டே மிதியை அழுத்திவிடலாம். தொடையளவில் வெட்டுண்டவர் முழங்காலை நீட்டி அழுத்தவேண்டிய இடத்தில், நடப்பதற்காகச் செய்த கால் உதவிக்கு வராது. நடை வேறு, தொழில் வேறு. இந்தப் பேதத்தை ஆராய்ச்சி செய்கிறவர்கள் தறிக்கு வந்து பார்த்தால்தான் அறிவார்கள்.

கையின் கதை இதைக் காட்டிலும் கடினமானது. கால் பாரத்தைத் தாங்கினால் பாதி வேலை முடிந்தது. கையோ ஏவலை அறிய வேண்டும். முட்டையை எடுக்கும்போது எவ்வளவு அழுத்துவது, கயிற்றைச் சுண்டும்போது எவ்வளவு இறுக்குவது என்று நாம் நம் கைக்குச் சொல்லிக்கொண்டா இருக்கிறோம்? தோளில் ஒரு வார்ப்பட்டை. அதிலிருந்து உறைக்குள் ஓடும் ஓர் இரும்புக் கம்பி. தோளை முன்னே தள்ளினால் கம்பி இழுபட்டுக் கொக்கி திறக்கும். மிகப் பழைய முறை இதுதான். சைக்கிள் பிரேக்கில் ஓடும் கம்பியும் இதுவும் ஒரே ஜாதி. நாகரிகர்கள் இதைக் கண்டு முகம் சுளிக்கலாம். ஆனால் கம்பியின் இறுக்கம் தோளுக்குத் தெரியும்; எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் கண்ணால் பார்க்காமலே அணிந்தவர் அறிவார். லட்சக்கணக்கில் விலைபோகும் மின்சாரக் கைகள் பல இந்த ஒன்றைத் தருவதில்லை.

தோளை விட்டுத் தசையிடமே வேலை வாங்கலாம் என்ற எண்ணம் பிறந்தது யுத்தத்தில். 1896-ல் அபிஸீனியாவில் தோற்ற இத்தாலியப் படையில் கையிழந்து திரும்பியவர்களைக் கண்ட வாங்கெட்டி என்ற வைத்தியர், எஞ்சிய தசையையே நேரே யந்திரத்தோடு பிணைக்கலாம் என்று எழுதினார். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மன் ரணவைத்தியர் ஸாவர்புருக் தசையில் தோல் வேய்ந்த ஒரு துவாரம் அமைத்து, அதில் முளையைச் செருகிக் கையை இயக்கிக் காட்டினார். இரண்டாம் யுத்தம் முடிந்தபோது மியூனிச்சில் ரைட்டர் என்ற பௌதிக மாணவர் இன்னொரு வழி கண்டார். தசை சுருங்கும்போது அதில் மிக நுண்ணிய மின்சாரம் எழுகிறது. ஒரு வால்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆயினும் தோலின் மேல் வைத்த தகடு அதை உணரும். அதைப் பெருக்கி ஒரு மோட்டாரை ஓட்டலாம் அல்லவா? அவர் காலத்து வால்வுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. தொழிலாளி பட்டறை மேஜையின் முன் உட்கார்ந்தால்தான் கை வேலை செய்யும். டிரான்ஸிஸ்டர் வந்த பிறகு, 1960-ஐ ஒட்டி மாஸ்கோவில் கோப்ரின்ஸ்கி என்பவரின் குழுவினர், பாட்டரியை இடுப்பில் கட்டிக்கொண்டு நடமாடும் கையைச் செய்தார்கள். இன்று உலகெங்கும் விற்கும் மின்சாரக் கைகள் அந்தக் குடும்பத்து வாரிசுகளே.

இவற்றின் குறை என்ன? முன்கையில் மடக்கும் தசைக்கு ஒரு தகடு, நீட்டும் தசைக்கு ஒரு தகடு. ஒன்றால் மூடும், மற்றொன்றால் திறக்கும். மணிக்கட்டைத் திருப்ப வேண்டுமானால் அதே இரு தசைகளையும் வேறு விதமாக இறுக்கி யந்திரத்துக்குச் சைகை காட்ட வேண்டும். ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்தது. முழங்கைக்கு மேல் வெட்டுண்டவருக்கு அந்தத் தசைகளே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக வியர்வை. தோலுக்கும் தகட்டுக்கும் இடையே வியர்வை கோத்தால் சைகை குழம்பும். சாரல் வீசும் இரண்டு மூன்று மாதம் நீங்கலாக, கடையநல்லூரில் வியர்க்காத தோல் எது? குளிர் தேசத்தில் பரீட்சித்த யந்திரத்தை நமது சித்திரை வெயிலில் பரீட்சிக்காமல் வாங்குவது புத்திசாலித்தனமாகாது.

இனி, சமீப வருஷங்களில் நிகழ்ந்த மாறுதலுக்கு வருவோம். நமது கருத்தில் இதுவே மிகவும் முக்கியமானது. பத்திரிகைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே. கை போனாலும் கையை ஆண்ட நரம்பு போவதில்லை. மூளை “மூடு” என்று அனுப்பும் உத்தரவு வெட்டுண்ட முனை வரை வந்து, பெற்றுக்கொள்வார் இன்றித் திரும்புகிறது. 2002-ல் சிகாகோ நகரில் டாக்டர் டாட் கூய்கென் குழுவினர், கைக்குப் போன அந்த நரம்புகளை மார்புத் தசையில் கொண்டுபோய்த் தைத்தார்கள். சில மாதங்களில் நரம்பு அங்கே வேர்பிடித்தது. நோயாளி இல்லாத கையை மூட நினைத்தால் மார்பின் ஒரு பகுதி துடித்தது. அந்தத் துடிப்பு மின்சாரக் கைக்கு உத்தரவாயிற்று. தோளைத் தள்ள வேண்டாம், சைகைப் பாஷை கற்க வேண்டாம், நினைத்தால் போதும்.

இது நமக்கு அந்நிய வித்தை என்று எண்ண வேண்டாம். ஒன்றுக்குப் பிறந்த தசையை இன்னொரு வேலைக்கு ஏவும் ரணசிகிச்சையை, 1948-ல் நம் வேலூரிலேயே டாக்டர் பால் பிராண்ட் குஷ்டரோகத்தால் மடங்கிப்போன கைகளுக்குச் செய்யத் தொடங்கினார். பிச்சைக்கு நீண்ட கைகள் மறுபடி கருவி பிடித்தன. வழி வேறு; தத்துவம் ஒன்றே.

2024-ல் அமெரிக்க மஸாச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், தாமே இரு கால்களையும் இழந்தவரான ஹியூ ஹெர் என்பவரின் குழுவினர் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். முன்தசையும் பின்தசையும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் நம் கால் எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டும் நமக்குத் தெரிகிறது. சாதாரணமாக வெட்டும்போது இந்தப் பிணைப்பு அறுந்துவிடும். அந்த இரண்டையும் முனையில் மீண்டும் இணைத்துத் தைத்த ஏழு பேரை, தைக்காத ஏழு பேரோடு ஒப்பிட்டார்கள். இருசாராருக்கும் ஒரே மாதிரியான மோட்டார்க் கால். தைத்தவர்களின் நடைவேகம் நூற்றுக்கு 41 பங்கு அதிகமாயிருந்தது.

வாசகர்கள் இதைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். இவ்விரண்டு உதாரணங்களிலும் வித்தியாசத்தை உண்டாக்கியது விலையுயர்ந்த யந்திரம் மட்டுமன்று. வெட்டியவர் எப்படி வெட்டினார், எதை எங்கே தைத்தார் என்பது. மோட்டார் பிறகு வரலாம், பத்து வருஷம் கழித்து மலிவாகவும் வரலாம். ஆனால் வெட்டும் நாள் ஒருமுறைதான் வருகிறது. அன்று நரம்பையும் தசையையும் கவனியாமல் விட்டுவிட்டால், பின்னால் வரும் கைக்கு ஏவல் கொடுக்க மறுபடியும் கத்தி வைக்க வேண்டும். நசுங்கி வந்த கையிலும் சீழ் ஏறிய காலிலும் உயிரைக் காப்பதே முதல் கடமை; அங்கே இந்த நுட்பங்களுக்கு அவகாசமிராது என்பதை ஒப்புக்கொள்கிறோம். மற்றச் சந்தர்ப்பங்களிலோ இதற்கு வேண்டியது ஊசியும் நூலும் பயிற்சி பெற்ற கையும் இன்னும் சில மணி நேரமும். கப்பலேறி வரவேண்டிய சாமான் எதுவுமில்லை. நமது ரணவைத்தியர்களின் திறமை உலகறிந்தது. திருநெல்வேலி, மதுரை மருத்துவக் கல்லூரிகளில் அவயவம் வெட்டும் ஒவ்வொரு வைத்தியரும் இம்முறையைக் கற்றிருக்க வேண்டும் என்று ஏன் விதிக்கக்கூடாது? வைத்தியரும் செயற்கை அவயவம் செய்பவரும் வெட்டுவதற்கு முன்பே கூடிப் பேச வேண்டும் என்று ஏன் வற்புறுத்தக்கூடாது?

இனி யந்திரத்துக்கு வருவோம். கடையநல்லூர்த் தறிக்கு இன்றைக்கு எந்தக் கை ஏற்றது என்று எம்மைக் கேட்டால், முன்கை போனவருக்குக் கம்பியால் இயங்கும் கையே என்று தயங்காமல் சொல்வோம். கம்பி அறுந்தால் ஊர் சைக்கிள் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார். விரல்களுக்குப் பதிலாகத் தறிக்கயிற்றைப் பிடிக்கும் ஒரு கவ்வியை உள்ளூர்க் கொல்லரே அடித்துப் பொருத்தலாம். அழகுக்கு ரப்பர்க் கை வேண்டுமென்றால் கலியாண வீட்டுக்கு அதை மாட்டிக்கொண்டு போகட்டும். மனிதனுக்கு அதுவும் ஒரு தேவையே. தோளோடு போனவருக்குத்தான் மின்சாரக் கை அவசியமாகிறது. அவருக்கு அது சர்க்கார் செலவில் கிடைப்பதே நியாயம். சுதேசி என்ற வார்த்தையை நாம் கேட்டு வளர்ந்தோம். இந்தியாவில் செய்தது என்ற முத்திரை மட்டும் இருந்து, ஒரு திருகாணி கழன்றால் பெட்டியில் கட்டிப் பட்டணத்துக்கு அனுப்பவேண்டுமானால் அதைச் சுதேசி என்று எப்படி அழைப்பது?

இங்கேதான் நமது அரசியல்வாதிகளோடு எமக்கு மனஸ்தாபம். முகாம் போடுகிறார்கள், பந்தல், ஒலிபெருக்கி, மாலை, போட்டோ. வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தலைவர் காலை நீட்டிக் கொடுக்கிறார். மாநில சர்க்காரும் மத்திய சர்க்காரும் செயற்கை அவயவங்களை வழங்கி வருவதை நாம் மறுக்கவில்லை. கான்பூரில் 1972 முதல் இதற்கென்றே ஒரு பொதுத்துறை ஸ்தாபனமும் இருக்கிறது. ஆனால் வெட்டுண்ட முனை முதல் வருஷத்திலேயே சுருங்கும். அது பொருந்தும் கிண்ணம் தொளதொளக்கும், உராய்ந்து புண்ணாகும். அப்போது கிண்ணத்தை மாற்ற ஆளில்லாவிட்டால், மாலை போட்டு வாங்கிய கால் சுவரில் ஆணியில் தொங்கும். முகாம் நடத்தியவர் அதற்குள் அடுத்த ஊரில் அடுத்த முகாமில் இருப்பார். பாட்டரிக் கை வந்தால் இந்தக் கஷ்டம் இரட்டிப்பாகும்: கிண்ணம் மட்டுமின்றித் தகடும், மோட்டாரும், இரண்டு மூன்று வருஷத்தில் வலுக்குறையும் பாட்டரியும் சேரும். யந்திரம் எவ்வளவு புதியதோ அவ்வளவு அருகில் பட்டறை இருந்தாக வேண்டும்.

சென்னை கே. கே. நகரில் சர்க்காரின் புனர்வாழ்வு வைத்திய நிலையம் இருக்கிறது. அங்கே போகக் கடையநல்லூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம். ஒற்றைக் காலுள்ளவர், துணைக்கு ஒருவர், இருவருக்கும் கூலி நஷ்டம், சாப்பாடு, தங்க இடம். இவ்வளவும் ஒரு திருகாணிக்காக. தென்காசி 2019 நவம்பர் முதல் தனி ஜில்லா. கலெக்டர் வந்தார், போலீஸ் சூபரிண்டெண்டெண்டு வந்தார். ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியின் ஒரு மூலையில் ஓர் அடுப்பு, ஒரு கடைசல் யந்திரம், பயிற்சி பெற்ற இருவர், வாரத்தில் ஒரு நாள் கடையநல்லூருக்கும் சங்கரன்கோவிலுக்கும் புளியங்குடிக்கும் போய்வர ஒரு வண்டி இவ்வளவும் வைத்தால் வரவு செலவுத் திட்டம் கவிழ்ந்துவிடாது. ஊரிலுள்ள தச்சர், கொல்லர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஜெய்ப்பூரில் சர்மா பட்டம் பெற்றுக்கொண்டா பாதம் செய்தார்?

மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கும், அடையாற்றுக் கரையில் ஐ.ஐ.டி.யில் இருப்பவர்களுக்கும் நாம் ஓர் அழைப்பு விடுக்கிறோம். அடுத்த முழங்காலையும் அடுத்த கையையும் பரீட்சிக்கத் தாழ்வாரத்தை விட்டுக் கடையநல்லூருக்கு வாருங்கள். சித்திரை மாதத்தில் வாருங்கள். குழித்தறியில் ஒரு நாள் முழுதும் உட்கார்த்திப் பாருங்கள். எங்கள் ஜில்லாச் சட்டசபை அங்கத்தினர்கள், கட்சி எதுவானாலும், அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தின்போது சுகாதார மந்திரியிடம் இதைக் கேட்கட்டும்: சென்ற மூன்று வருஷத்தில் தென்காசி ஜில்லாவில் எத்தனை செயற்கை அவயவங்கள் வழங்கப்பட்டன, அவற்றில் எத்தனை இன்று ஒருவருடைய உடம்பில் இருக்கின்றன, எத்தனை சுவரில் தொங்குகின்றன?